மேட்டில் இருப்பவன் முதலில் கூப்பிடணும்!

தென்பெண்ணையின் தலைமாட்டில் ஆனேக்கல், கால்மாட்டில் கடலூர். வெள்ள காலத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே ஓயாமல் அடிக்கும் போன்களின் கதை.

பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல் தாலுகாவில் வேலை பார்க்கும் தமிழர்களிடம் சொந்த ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகினி, சந்தாபுரா என்று எங்கே நின்று கேட்டாலும் ஊத்தங்கரை, அரூர், செங்கம், தண்டராம்பட்டு, திருக்கோவிலூர், திருவெண்ணெய்நல்லூர் என்று சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். வரைபடத்தில் இந்த ஊர்களுக்குப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் ஏறக்குறைய தென்பெண்ணை ஆற்றின் தடம் கிடைத்துவிடும். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகிறது. பிழைப்புக்காக மனிதர்கள் அதே தடத்தில் எதிர்த்திசையில் ஏறி வந்திருக்கிறார்கள்.

2023 அக்டோபரில் அத்திப்பள்ளி பட்டாசுக் கடையில் தீப்பிடித்தபோது இது வெளியுலகத்துக்குத் தெரிந்தது. இறந்தவர்களில் பலர், தருமபுரி மாவட்டம் அரூரை அடுத்த அம்மாப்பேட்டை இளைஞர்கள். ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து தீபாவளி சீசன் வேலைக்கு நண்பர்களாகச் சேர்ந்து வந்தவர்கள். ஒருவன் வேலைக்குச் சேர்ந்தால் அவன் கூட்டாளிகள் நாலு பேர் பின்னாலேயே வருவார்கள். ஓர் அறை எடுத்துத் தங்குவார்கள். ஊரில் மிச்சமிருக்கும் கூட்டாளிகளோடு தினமும் போனில் பேசுவார்கள். வெள்ளம் வருகிற வாரத்தில் அந்தப் பேச்சுக்கு உயிர் விலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடந்த புயலுக்கு நம்மிடம் மரியாதை கிடையாது. மறுநாள் டிசம்பர் 1, ஞாயிறு. தொழிற்பேட்டைகளில் பலருக்கு வார விடுமுறை. ஊருக்குப் போன் போட்டவர்களின் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போயிருக்கும்:

“மாப்ள, புயல் எப்படிடா?”

“அது நேத்தே பாண்டிச்சேரில கரையேறிருச்சு. காத்து இல்ல, மழைதான் ஊத்துது.”

“சரி, பார்த்து இரு.”

இந்தப் போனில் பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் உபயோகமான ஒரு தகவல்கூட இல்லை. ஏனென்றால் புயல் போய்ச் சேரவில்லை, கரையேறிய இடத்திலேயே பல மணி நேரம் நகராமல் நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. பிறகு மழை மெல்ல மேற்கே நகர்ந்தது. 2-ம் தேதி காலைக் கணக்கில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர். கடலிலிருந்து அவ்வளவு தூரம் உள்ளே இருக்கிற, வறட்சிக்குப் பேர்போன ஊத்தங்கரை அது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு மிதந்து போன காட்சியை அன்று காலை எல்லோரும் செல்போனில் பார்த்தோம். முந்தின மாலைதான் திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஒரு வீட்டை மூடி, குழந்தைகள் உட்பட ஏழு பேரை விழுங்கியிருந்தது.

ஊத்தங்கரைத் தண்ணீர் எங்கே போகும்? பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்கு. அங்கிருந்து சாத்தனூர் அணைக்கு. அணை ஏற்கெனவே நிறைந்த நிலை. வெளியேற்றத்தைப் படிப்படியாகக் கூட்டி, 2-ம் தேதி அதிகாலை மூன்று மணிக்குச் சற்று முன்பு விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். ஒரு கன அடி 28.3 லிட்டர். கோடையில் ஆனேக்கல் பக்கத்து அடுக்குமாடிகளுக்கு வருமே 12,000 லிட்டர் டேங்கர் லாரி, அந்த லாரிகள் ஒவ்வொரு விநாடியும் கிட்டத்தட்ட 400 வீதம் வந்து கவிழ்த்தால் எவ்வளவோ, அவ்வளவு. ஊர் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில்.

தண்டராம்பட்டு அருகே அகரம் பள்ளிப்பட்டில் சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, திறந்து மூன்று மாதமே ஆகியிருந்த மேம்பாலம் அடித்துக்கொண்டு போனது. அரசூரில் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை மேலேயே ஆறு ஓடியது. இன்னொரு பக்கம், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் அபாய அளவைத் தாண்டித் தண்ணீர் போனதால் தென்மாவட்ட ரயில்கள் நின்றன. கடைசியில் கடலூர். நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு, தாழங்குடா, குண்டு உப்பலவாடி. தென்பெண்ணை பெருகினால் ஒவ்வொரு முறையும் செய்தியில் வருகிற அதே ஊர்கள்.

அம்மா சொல்லமாட்டாள்

இங்கே நண்பர்களின் பங்கைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வெள்ள நேரத்தில் வீட்டுக்குப் போன் போட்டால் உண்மை வராது. அம்மாவைக் கேட்டால், “எங்களுக்கு என்னடா, நல்லா இருக்கோம், நீ வேளைக்குச் சாப்பிடு” என்பாள். முழங்கால் தண்ணீரில் நின்றபடிதான் அதைச் சொல்வாள். மகன் பதறிப்போய் பஸ் ஏறி, வழியில் எங்காவது மாட்டிக்கொள்வானே என்ற பயம் அவளுக்கு. மகனும் லேசுப்பட்டவன் இல்லை. இங்கே அவன் அறைக்குள் தண்ணீர் புகுந்து பாய் நனைந்திருந்தாலும் ஊருக்குச் சொல்லமாட்டான்.

கூட்டாளியிடம் இந்த நாடகம் செல்லாது. “திண்ணை வரைக்கும் வந்துருச்சுடா. உங்க அப்பா மாட்டை விட்டுட்டு வரமாட்டேங்கறாரு, நீ பேசு” என்று அவன்தான் சொல்வான். “கொஞ்சம் எங்க வீட்டுப் பக்கம் போய்ட்டு வந்துடு மச்சான்” என்று ஆனேக்கல்லில் இருந்து ஒருவன் கேட்டால், மழையில் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து, வாசலில் நின்று வீடியோ எடுத்து அனுப்புவான். நெருங்கிய சொந்தக்காரர்களிடம் இப்படிக் கேட்க ஆயிரம் தயக்கம் இருக்கும். பங்காளித் தகராறு இருக்கும். போன வருஷக் கல்யாணத்தில் பத்திரிகை வைக்காத கோபம் இருக்கும். நண்பனிடம் எதுவும் இல்லை. ஊரில் தங்கிவிட்ட நண்பர்கள், வெளியூர் போய்விட்ட அத்தனை பேருக்கும் சேர்த்து மகன்களாக இருக்கிறார்கள். அதற்கு யாரும் அவர்களுக்கு நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

உலகம் முழுக்க இதுதான் நடக்கிறது. 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரத்தில் பூகம்பம் வந்தபோது இடிபாட்டில் சிக்கியவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தவர்கள் அக்கம்பக்கத்தாரும் குடும்பத்தாரும்தான், தீயணைப்புப் படை அல்ல. பேரிடர்களை ஆராயும் அமெரிக்கப் பேராசிரியர் டேனியல் ஆல்ட்ரிச், 2005 கத்ரீனா வெள்ளத்தில் நியூ ஆர்லியன்ஸில் தன் வீட்டையே இழந்தவர். பிறகு கோபேயையும், சுனாமிக்குப் பிந்தைய நம் தமிழ்நாட்டுக் கரையோரத்தையும் ஆராய்ந்தார். ஒரு ஊர் மீண்டெழும் வேகத்தில் பணத்தைவிட மனிதத் தொடர்புகளுக்குப் பங்கு அதிகம் என்பது அவர் கண்டது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ஃபேஸ்புக் நிறுவனம் ‘நான் பாதுகாப்பாக இருக்கிறேன்’ என்று தெரிவிக்கும் வசதியைத் திறந்துவிட்டதும் இதே கணக்கில்தான். ஆனால் அந்தப் பொத்தான் ஒரு நலச்செய்தி. வாசலுக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிற மச்சானுக்கு அது ஈடாகாது.

எதிர்த்திசையில் ஒரு வெள்ளம்

2022 செப்டம்பரில் நிலைமை தலைகீழ். அதுவும் ஒரு ஞாயிறு இரவுதான். 5-ம் தேதி காலை வரையான 24 மணி நேரத்தில் பெங்களூரில் 131.6 மில்லிமீட்டர் மழை. சர்ஜாபுரா சாலையின் வில்லாக்களிலிருந்து மென்பொருள் நிறுவன அதிகாரிகள் டிராக்டரில் ஏறி வெளியே வந்தார்கள். வெளிவட்டச் சாலை ஏரியாக மாறியது. மாண்டியா மாவட்டம் டி.கே.ஹள்ளியில் காவிரி நீரேற்று நிலையம் மூழ்கியதால், தண்ணீரில் மிதந்த நகரத்தின் பல பகுதிகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை.

இந்த முறை போன் ஊரிலிருந்து வந்தது. “பெங்களூரே முழுகிடுச்சாமே, நீ எங்கடா இருக்க?” ஆனேக்கல், அத்திப்பள்ளிக்காரர்கள் பலருக்கு இதற்குப் பதில் சொல்லியே வாய் வலித்திருக்கும். பெங்களூர் என்று டி.வி. காட்டிய இடம் வேறு, அவர்கள் தங்கியிருந்த இடம் வேறு. தொலைக்காட்சிக்கு வில்லாவும் டிராக்டரும் போதுமானதாக இருந்தன. பள்ளமான காலிமனைகளில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கும் கட்டுமானத் தொழிலாளிகள் அதில் அபூர்வமாகத்தான் வந்தார்கள். அப்படிப்பட்டவர்களை விசாரித்தது ஊரிலிருந்த அவர்களுடைய கூட்டாளிகள்தான்.

அந்த விசாரிப்பு மேல்நோக்கி வந்த நேரத்தில், மழைத்தண்ணீர் கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இதை இரண்டு பக்கமும் யோசிப்பவர்கள் குறைவு. பெங்களூர் கிழக்குப் பகுதி மழைநீரும் சாக்கடையும் பெலந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தட்சிண பினாகினியில் சேருகின்றன. நந்தி மலையில் பிறந்து ஹொஸ்கோட்டே வழியாக வரும் அந்த ஆறுதான் எல்லை தாண்டியதும் தென்பெண்ணை. ஆனேக்கல் ஊர் ஆற்றங்கரையில் இல்லை; தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், சர்ஜாபுரா தாண்டி முகளூர் பாலத்துக்குப் போனால் ஆற்றைப் பார்க்கலாம், மூக்கைப் பொத்திக்கொண்டு. அங்கிருந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணை பக்கம்தான். மழை பெய்து மதகு திறந்தால், ரசாயன நுரை பனிமலைபோல் எழும்பி நந்திமங்கலம் தரைப்பாலத்தை மூடிவிடும். ஆனேக்கல் தாலுகாவுக்கும் இந்தக் கழிவில் பங்கு உண்டு. சந்தாபுரா ஏரியைப் பாழாக்க விட்டதற்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் விதித்ததே, அந்த ஏரி இங்கேதான் இருக்கிறது.

தண்ணீர் இல்லாத காலத்தில் இந்த ஆற்றுக்காக இரண்டு மாநிலங்களும் உச்ச நீதிமன்றம் வரை போயின. இதில் வந்து சேரும் மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் யார்கோள் அணை கட்டியதில் வந்த வழக்கு அது. வெள்ளக் காலத்தில் அதே ஆற்றுக்கு உரிமை கொண்டாட ஆளில்லை.

என்ன கேட்க வேண்டும்?

2024 வெள்ளம் கற்றுத்தந்த முக்கியமான விஷயம், அது பெங்களூர் மழையால் வந்ததில்லை என்பது. ‘மேலே மழையே இல்லையே, ஆத்துல எப்படித் தண்ணி வரும்?’ என்று ஆனேக்கல்லில் வானத்தைப் பார்த்துச் சொன்னவன் கடலூர்க்காரனைத் தவறாகத் தேற்றியிருப்பான். நடுவில், ஊத்தங்கரையிலும் அரூரிலும் என்ன நடக்கிறது என்று தெரிந்தவன்தான் சரியாக எச்சரிக்க முடியும். இதில் ஆனேக்கல் தொழிலாளிக்கு ஒரு வசதி உண்டு. அவன் அறையிலும் பட்டறையிலும் ஊத்தங்கரைக்காரன் இருப்பான், தண்டராம்பட்டுக்காரன் இருப்பான், திருக்கோவிலூர்க்காரன் இருப்பான். பெங்களூர்–திருவண்ணாமலை பஸ் போகிற கிருஷ்ணகிரி, மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் பாதை அவனுக்கு மனப்பாடம். ஆற்றுப்படுகை முழுவதற்கும் ஆள் வைத்திருக்கும் ஒரே கூட்டம் இதுதான். எந்த அரசுத் துறைக்கும் இப்படி ஒரு வலைப்பின்னல் கிடையாது.

அந்த வலையில் ஓட வேண்டியது ‘எப்படி இருக்க?’ அல்ல. அணை நிலவரம் தினமும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பலர் அதைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். அதில் பார்க்க வேண்டியவை மூன்றே எண்கள். முதலாவது நீர்மட்டம். சாத்தனூரின் முழு உயரம் 119 அடி, கிருஷ்ணகிரி அணைக்கு 52 அடி, கெலவரப்பள்ளிக்கு 44.28 அடி. முழு அளவுக்கு ஓரிரு அடி குறைவாக இருக்கிறதென்றால் அணையில் இடமில்லை, வருகிற தண்ணீரெல்லாம் கீழே போகும் என்று அர்த்தம். இரண்டாவது நீர்வரத்து, மூன்றாவது வெளியேற்றம். வரத்து ஏறிக்கொண்டே போய், வெளியேற்றம் குறைவாக இருந்தால் நிம்மதி அடையக் கூடாது. அன்றிரவு மதகு கூடுதலாகத் திறக்கும் என்பதற்கு அதுதான் அடையாளம்.

சாத்தனூரில் திறந்த தண்ணீர் திருக்கோவிலூருக்கு வர நேரம் பிடிக்கும், அரசூருக்கு இன்னும் கொஞ்சம், கடலூருக்கு அதைவிட அதிகம். அந்த இடைவெளியில்தான் மாட்டை அவிழ்த்துவிட முடியும், மோட்டாரைக் கழற்ற முடியும், ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் பையில் போட முடியும், நடக்க முடியாத பெரியவரை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போக முடியும். தண்ணீர் வந்த பிறகு அடிக்கிற போன் ஆறுதல். முந்தி அடிக்கிற போன்தான் உதவி. தண்டராம்பட்டுக்காரன் திருக்கோவிலூர்க்காரனைக் கூப்பிட வேண்டும், திருக்கோவிலூர்க்காரன் கடலூர்க்காரனை. நேரம் காலம் பார்க்கக் கூடாது. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பினால் திட்டுவானே என்று யோசிக்கிற நட்பு என்ன நட்பு?

கரண்ட் போனால் டவரும் கொஞ்ச நேரத்தில் போகும். பேச்சு போகாத இடத்தில் குறுஞ்செய்தி போய்விடுவது உண்டு. ‘தண்ணி வருது, மேட்டுக்குப் போ, சாத்தனூர் 1 லட்சம்’ என்று நாலு வார்த்தை போதும். தேதி இல்லாத பழைய வெள்ள வீடியோவை அனுப்பி அவனுடைய சார்ஜைத் தின்ன வேண்டாம்.

சொன்னோம், வரவில்லை

சாத்தனூர் அணையை முன்னறிவிப்பில்லாமல் திறந்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின. ஐந்து முறை எச்சரித்த பிறகே திறந்தோம் என்று அப்போதைய நீர்வளத் துறை அமைச்சர் துரைமுருகன் பதில் சொன்னார். விழுப்புரம் மாவட்டம் இருவேல்பட்டுக்குப் பார்வையிடப் போன அப்போதைய அமைச்சர் பொன்முடி மீது சேறு வீசப்பட்டது. குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். மத்திய அரசு 944.80 கோடி ரூபாய் விடுவித்தது. விவாதம் அதோடு அடங்கியது.

என் பார்வையில் இரண்டு பேச்சும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். எச்சரிக்கை அலுவலகத்திலிருந்து கிளம்பியிருக்கும்; ஆனால் ராத்திரி மழைச் சத்தத்தில் கதவடைத்துத் தூங்கும் கிழவியின் காதுக்குப் போயிருக்காது. இப்போது ஆபத்துப் பகுதியில் இருக்கும் செல்போன்களுக்குக் குறுஞ்செய்தி எச்சரிக்கை வருகிறது. ‘டிஎன் அலர்ட்’ செயலியும் இருக்கிறது. ஆனால் அந்தக் குறுஞ்செய்தி போகிற ஊரில் பெரும்பாலும் இருப்பவர்கள் வயதானவர்கள். படித்துச் சொல்லக்கூடிய மகன் அத்திப்பள்ளியில் இரவு ஷிப்டில் நிற்கிறான். அவன் இருக்கும் பகுதி ஆபத்துப் பகுதி இல்லை, அதனால் அவன் போனுக்கு எதுவும் வராது. ஊரை விட்டு வெளியே இருக்கிறவன் தன் கிராமத்தின் பெயரில் எண்ணைப் பதிந்துவைக்க வழி செய்து, அணை திறக்கும் எச்சரிக்கையை அவனுக்கும் அனுப்பினால் அடுத்த ஐந்தாவது நிமிடம் அவன் ஊரையே எழுப்பிவிடுவான். பெரிய செலவில்லாத வேலை இது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மாவட்ட நிர்வாகங்கள் யோசிக்கலாம்.

அதுவரை ஆனேக்கல் பக்கத்து நண்பர்கள் ஒரு விஷயத்தை இன்றைக்கே செய்துவிடலாம். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077 என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆனேக்கல்லில் இருந்து வெறும் 1077 அடித்தால் உங்கள் ஊருக்குப் போகாது. முன்னால் அந்த மாவட்டத்தின் எஸ்.டி.டி. குறியீட்டைச் சேர்க்க வேண்டும்: கிருஷ்ணகிரிக்கு 04343, திருவண்ணாமலைக்கு 04175, கள்ளக்குறிச்சிக்கு 04151, விழுப்புரத்துக்கு 04146, கடலூருக்கு 04142. உங்கள் ஊருக்குரியதை 1077-உடன் சேர்த்துப் போனில் பதிந்துகொள்ளுங்கள். கூடவே, ஆற்றில் உங்கள் ஊருக்கு மேலே இருக்கும் ஒரு கூட்டாளியின் எண்ணையும் கீழே இருக்கும் ஒரு கூட்டாளியின் எண்ணையும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும்.